அத்தை வீட்டுக் கடிகாரத்தில் ராகு காலம்

கைவினை வீடியோக்களில் வருகிற அலங்காரக் கடிகாரங்களைப் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ரோஜா, ஆறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பட்டாம்பூச்சி, நடுவில் தங்கத் தூள், அதன்மேல் தங்க நிறத்திலேயே முள். அழகுதான். மணி என்ன என்று யாராவது கேட்டால் கைப்பேசியை எடுத்துத்தான் சொல்ல வேண்டும். சுவரில் மாட்டுகிற படம் என்றால் எனக்கு ஒரு புகாரும் இல்லை. கடிகாரத்தைச் சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள், செருப்பை மாட்டிக்கொண்டே ஏறிட்டுப் பார்ப்பார்கள், பாதித் தூக்கத்தில் பார்ப்பார்கள். எல்லோருக்கும் அது உடனே பதில் சொல்லியாக வேண்டும். அதில் நாம் ஒரு முத்திரை குத்தினால், அந்த முத்திரைக்கும் அங்கே ஒரு வேலை இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தப் பிடிவாதத்தோடுதான் அத்தையின் கடிகாரத்தைக் கையில் எடுத்தேன்.

அத்தையும் மாமாவும் ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கிறார்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், கீழ்ப் பேராக்கில், பெர்னாம் ஆற்றுப் பக்கம். ஊரை விட்டு எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் செம்பனைதான். மாமா தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு ஒரு தாமானுக்கு, அதாவது ஊர்க் குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்தார்கள். புது வீட்டுச் சுவருக்கு வாங்கிய கடிகாரம் எந்தக் கடையிலும் சில மலேசிய வெள்ளிக்குக் கிடைக்கிற வகை: வெள்ளைப் பிளாஸ்டிக் வட்டம், வெள்ளைக் காகித முகம், கறுப்பு எண்கள். "ஆஸ்பத்திரிக் கடிகாரம் மாதிரி இருக்குடி. நீதான் கார்டுக்கெல்லாம் சாப்பு குத்துறியே, இதுல ஏதாச்சும் பண்ணிக் குடேன்" என்றார் அத்தை.

சாப்பு என்றால் முத்திரை. நான் குத்துவது வாழ்த்து அட்டைகளும், தீபாவளிக்குப் பணம் வைத்துக் கொடுக்கிற அங்பாவ் உறைகளும். அப்பா தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தவர். தேதி முத்திரையும் ஊதா மைப் பெட்டியும் அவர் மேசையில்தான் முதலில் எனக்குப் பழக்கமாயின. பள்ளி விடுமுறையில் அந்தத் தேதிச் சக்கரத்தைத் திருப்பிவிட்டுத் திட்டு வாங்காத கிராணி வீட்டுப் பிள்ளை இருக்க முடியாது. முத்திரையின் அடியில் இருக்கிற ரப்பருக்கும் எங்கள் மாநிலத்துக்கும் சம்பந்தம் உண்டு. மலாயாவில் முதலில் பால்மரக் கன்று நட்ட இடங்களில் ஒன்று பேராக்கின் கோலகங்சார், 1877-இல். அந்த மரம் பரவியதால்தான் எங்கள் தாத்தா பாட்டிகள் கப்பல் ஏறினார்கள். இப்போது கடையில் விற்கிற கண்ணாடி போன்ற முத்திரைகளில் ரப்பர் கிடையாது, பெரும்பாலும் ஒளிபட்டு இறுகுகிற பிளாஸ்டிக். எங்கே பதிகிறது என்று மேலிருந்தே தெரியும் என்பது அதற்குள்ள வசதி. என்றாலும், சொந்தமாகச் செதுக்க வேண்டும் என்றால் அழிரப்பர்தான் எனக்குத் தோது.

சரி, எதைக் குத்துவது? பூ வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு அத்தை வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்து அந்த வெள்ளை வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பக்கத்தில் தினசரி நாள்காட்டி தொங்குகிறது. மாமா மோட்டார் சைக்கிளை வெளியே தள்ளியதும் அத்தை முதலில் கடிகாரத்தைப் பார்க்கிறார். அப்புறம் நாள்காட்டிக்குக் கிட்டே போய், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, அதில் பொடி எழுத்தில் இருக்கும் ராகு காலத்தைப் பார்க்கிறார். "இன்னும் பத்து நிமிஷம் இருங்க" என்று குரல் கொடுக்கிறார். மாமா எஞ்சினை நிறுத்துகிறார். கடையில் ஒரு ரொட்டி வாங்கப் போவதற்குத்தான் இத்தனையும்.

கடிகாரத்துக்கு என்ன அலங்காரம் என்பது அப்போது தெரிந்துவிட்டது.

ராகு காலத்தை மனப்பாடம் செய்ய நம் வீடுகளில் ஒரு வாக்கியம் உண்டு: "திருநாள் சந்தடியில் வெயிலில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா". ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தும் ஒரு கிழமை. திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு. திங்களுக்குக் காலை 7.30 முதல் 9 வரை, சனிக்கு 9 முதல் 10.30 வரை, வெள்ளிக்கு 10.30 முதல் 12 வரை, புதனுக்கு 12 முதல் 1.30 வரை, வியாழனுக்கு 1.30 முதல் 3 வரை, செவ்வாய்க்கு 3 முதல் 4.30 வரை, ஞாயிறுக்கு 4.30 முதல் 6 வரை. வாக்கியம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதைக் கடிகார முகத்தின்மேல் வைத்துப் பார்த்ததுதான் கிடையாது. வைத்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் என்பது மணி முள் 45 டிகிரி நகர்கிற நேரம். முழு வட்டத்தில் அப்படி எட்டுத் துண்டுகள் அடங்கும். ஏழு கிழமையும் ஒன்றோடொன்று ஒட்டி, இடைவெளியும் இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமலும், ஏழரையிலிருந்து ஆறு வரை வரிசையாக உட்கார்ந்துவிடுகின்றன. ஆறுக்கும் ஏழரைக்கும் நடுவில் ஒரே ஒரு துண்டு காலி. பகலை எட்டாகப் பிரித்து, முதல் பங்கை எந்தக் கிழமையிலும் விட்டுவிட்டு, மீதி ஏழையும் ஏழு கிழமைக்குக் கொடுப்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு கடிகாரத்துக்கு அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது. மணி முள் எந்தத் துண்டில் நிற்கிறது, அது இன்றைய கிழமைதானா, இவ்வளவுதான் பார்க்க வேண்டும். கண்ணாடி தேவையில்லை, நாள்காட்டியும் தேவையில்லை.

பன்னிரண்டு மணிக் கடிகாரம் என்பதால் ராத்திரியும் முள் அதே துண்டுகளைக் கடக்குமே என்று அத்தையிடம் கேட்டேன். "ராத்திரி யாரு நல்ல காரியத்துக்குப் போறா?" என்று முடித்துவிட்டார்.

கடிகார முகத்திலேயே குத்தியிருக்கலாம். அப்படிச் செய்யாமல் ஒரு தனி அட்டை வட்டம் வெட்டினேன். இதற்கு ஒரு காரணம் இருந்தது, பின்னால் வருகிறேன். கடிகாரத்தின் முகம் 30 சென்டிமீட்டர் சுற்றளவு வகையறா என்று கடையில் சொல்வது உண்மையில் விட்டம். எண்கள் விளிம்போரம் இருக்கின்றன, மணி முள் அவற்றைத் தொடாமல் உள்ளேயே சுற்றுகிறது. அதனால் 16 சென்டிமீட்டர் விட்டத்தில் ஒரு வட்டம் போட்டால் எண்கள் எதுவும் மறையாது, மணி முள்ளின் நுனியும் சரியாக அதன் விளிம்புக்கு வந்து நிற்கும். நிமிட முள் நீளமாக இருப்பதால் வெளியே போய்விடும். யார் எதைக் காட்டுகிறார்கள் என்பதில் குழப்பமே வராது.

எட்டாகப் பிரிக்கப் பாகைமானி வேண்டாம். அதே அளவில் ஒரு மெல்லிய காகித வட்டம் வெட்டி மூன்று முறை பாதியாக மடித்தால் எட்டு வந்துவிடும். விரித்து, அட்டையின்மேல் வைத்து, மடிப்பு முடிகிற இடத்தில் ஊசியால் குத்திக்கொண்டேன். அட்டையையே மடித்தால் கோடு விழுந்து முள்ளில் தட்டும்.

எழுத்துகள் தி, ச, வெ, பு, வி, செ, ஞா. வழவழப்புத் தாளில் பென்சிலால் எழுதி, அதை அழிரப்பரின்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தால் எழுத்து தானாகவே இடம் வலமாக மாறிப் பதியும். அப்புறம் பென்சில் கோட்டை விட்டுவிட்டு மீதியைச் செதுக்க வேண்டும். தமிழ் எழுத்தைச் செதுக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கொம்பை நம்பாதீர்கள். 'வெ', 'செ' இரண்டிலும் ரப்பரில் கொம்பு வலப்பக்கம் இருக்கும். பார்க்கிறபோதெல்லாம் தப்பு என்று கை திருத்தப் போகும். விட்டுவிட்டால் காகிதத்தில் சரியாக விழும். 'தி', 'வி' இரண்டின் விசிறியும் அப்படித்தான். 'ஞா'தான் பெரிய சோதனை. அந்தச் சுழிக்குள் கத்தியை வளைக்க ரப்பரைத் திருப்ப வேண்டுமே தவிரக் கத்தியைத் திருப்பக் கூடாது. கத்தி நேராக நிற்க, ரப்பரை மட்டும் மெதுவாகச் சுழற்றினால் வளைவு உடையாமல் வரும்.

பின்னணிக்குப் பால்மர இலை. ஒரு காம்பில் மூன்று இலை விரிந்திருக்கும் அந்த வடிவம் சின்ன முத்திரைக்கு நன்றாக அமையும், தோட்டத்து ஆட்களுக்கு விளக்கமும் சொல்ல வேண்டாம். எல்லாத் துண்டிலும் இலை போட்டால் எல்லை தெரியாது. ஒன்றுவிட்டு ஒன்றில் மட்டும் போட்டேன். ஏழு ஒற்றைப்படை ஆனதால் திங்களிலும் இலை, ஞாயிறிலும் இலை. அவற்றின் நடுவில் அந்தக் காலித் துண்டு வெள்ளையாக எடுப்பாகத் தெரிகிறது.

நவக்கிரக நிறம் போடலாமே என்று தங்கை சொன்னாள். நல்ல யோசனைதான், கணக்குதான் இடிக்கிறது. ஞாயிறும் செவ்வாயும் சிவப்பு, திங்களும் வெள்ளியும் வெள்ளை. வெள்ளை அட்டையில் வெள்ளையை எங்கே தேடுவது? அதனால் இலைக்கு வெளிர்ப் பச்சை, எழுத்துக்குக் கறுப்பு என்று நிறுத்திக்கொண்டேன்.

மை விஷயத்தில் மட்டும் நான் கறார். கைவினைக் கடைகளில் பொதுவாக மூன்று வகை மைப் பெட்டி கிடைக்கும். சாய மை காகிதத்துக்குள் இறங்கி உடனே காயும், விலையும் குறைவு. வெயில் பட்டால் மங்கும். நிறமி மை காகிதத்தின்மேல் படிந்து நிற்கும், நிறம் வெயிலை நன்றாகத் தாங்கும், ஆனால் காய நேரம் எடுக்கும். மூன்றாவது கரைப்பான் சேர்ந்த மை. பிளாஸ்டிக், கண்ணாடி, உலோகம் என்று உறிஞ்சாத பரப்பிலும் ஒட்டிக்கொள்ளும், வாசனைதான் தலைவலி. ஒரு பொருளுக்கு எது என்பதை அந்தப் பொருள் எங்கே இருக்கப் போகிறது என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அத்தை வீட்டுச் சுவரில் சாயங்கால வெயில் சன்னல் வழியாக நேராக விழுகிறது. எனவே அட்டைக்கு நிறமி மை. நேராக வழவழப்பான பிளாஸ்டிக்கில் நிறமி மையைக் குத்தினால் அது காயவே காயாது, ஒரு வாரம் கழித்துத் தொட்டாலும் விரலில் வரும். பிளாஸ்டிக் சட்டத்தின் விளிம்பில் சின்னதாக நான்கு இலை குத்தினேன், அதற்கு மட்டும் கரைப்பான் மை.

இங்கே நம் ஊர்க் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு வீடியோக்களில் "பத்து நிமிடம் காய விடுங்கள்" என்று சொல்வதைக் கீழ்ப் பேராக்கில் கேட்காதீர்கள். மழை பெய்த சாயங்காலத்தில் நிறமி மை மறுநாள் காலைவரை ஈரமாகவே இருக்கும். மேலே அடிக்கிற தெளிவான வார்னிஷ் ஸ்பிரேயும் ஈரக் காற்றில் வெளுத்துப் புகைபடிந்தது போலாகும். வெயில் நன்றாக ஏறிய பிறகு வெளித்திண்ணையில் வைத்து மெல்லியதாக அடிக்க வேண்டும். இந்த வட்டம் கண்ணாடிக்குள் போகப் போகிறது, யார் கையும் படாது. அதனால் ஸ்பிரேயே வேண்டாம் என்று விட்டுவிட்டேன். சூடு காட்டி உப்ப வைக்கும் பவுடரையும் ஒதுக்கினேன். அது அழகுதான், ஆனால் பவுடரை உருக்கும் சூடு பிளாஸ்டிக் பக்கம் வரவே கூடாது. பவுடர் வேலை இருந்தால் அட்டையைக் கடிகாரத்திலிருந்து தள்ளி வைத்து முடித்துக்கொள்ள வேண்டும்.

கடிகாரத்தைப் பிரிப்பது பயப்படுகிற அளவுக்கு இல்லை. பின்னால் இருக்கும் திருகுகளைக் கழற்றினால் முன்கண்ணாடி வந்துவிடும். பாட்டரியை முதலில் எடுத்துவிட வேண்டும். நொடி முள், நிமிட முள், மணி முள் என்ற வரிசையில், வளைக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். மூன்றும் இறுக்கமாகச் செருகி இருக்கிறது, அவ்வளவுதான். சிலவற்றில் நிமிட முள்ளின்மேல் ஒரு சின்ன மரை இருக்கும். அட்டையின் நடுவில் தண்டு நுழைய ஒரு துளை. துளை தாராளமாக இருந்தால்தான் வட்டத்தைத் திருப்ப முடியும். சதுர மீட்டருக்கு 250 கிராம் என்று விற்கிற அட்டை போதும், அதற்கு மேல் தடித்தால் மணி முள் உரசும். மணி, பாசி, துணிப்பூ என்று எதையும் முகத்தில் ஒட்டக் கூடாது என்பதும் இதனால்தான். முள்ளின்மேல் ஒட்டவே கூடாது. ஒரு சின்ன பாட்டரியின் 1.5 வோல்ட்டில் ஓடுகிற எஞ்சின் அது. உள்ளே ஒரு குவார்ட்ஸ் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதைப் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்தால் மிஞ்சுவது நொடிக்கு ஒரு துடிப்பு. சந்தேகம் இருந்தால் பெருக்கிப் பாருங்கள். அந்த ஒரு துடிப்பில்தான் நொடி முள் ஒரு அடி வைக்கிறது. அதன் தலையில் ஜிகினாவை ஏற்றினால் எப்படி நடக்கும்?

திரும்ப மாட்டும்போது மூன்று முள்ளையும் பன்னிரண்டில் நிறுத்திச் செருக வேண்டும். இல்லாவிட்டால் மணி முள் நான்கைக் காட்டும்போது நிமிட முள் இருபதில் நிற்கும், ராகு காலக் கணக்கும் தப்பிவிடும்.

இனி, வட்டத்தை ஏன் தனியாக, திருப்பும்படி வைத்தேன் என்பது.

நாள்காட்டியில் இருக்கிற 7.30, 9 எல்லாம் சூரியன் காலை 6 மணிக்கு உதிப்பதாக வைத்துக்கொண்ட கணக்கு. எங்கள் பக்கத்தில் 6 மணிக்கு எழுந்து வாசலில் நின்று பாருங்கள், கும்மிருட்டு. பக்கத்துப் பட்டணமான தெலுக் இந்தான் வட்டாரத்தில் வருடம் முழுக்கச் சூரிய உதயம் 7 மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான். எங்கள் ஊர் ஏறத்தாழ 101-ஆவது தீர்க்கரேகையில் இருக்கிறது. கடிகாரமோ 120-ஆவது ரேகையின் நேரத்தைக் காட்டுகிறது. மாமாவுக்கு இது நேரில் பார்த்த விஷயம். 1981 டிசம்பர் 31 ராத்திரி 11.30 ஆனபோது தீபகற்ப மலேசியா முழுக்கக் கடிகாரத்தை 12 மணிக்குத் தள்ளி வைத்தார்கள், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. "மறுநாள் பெரட்டுக்குப் போனா அரை மணி கூடுதலா இருட்டு. கடிகாரம் ஓடிடுச்சு, சூரியன் வரல" என்பார் மாமா. பெரட்டு என்பது விடியற்காலையில் தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது. அதற்கு முன்னும் இந்தக் கடிகாரங்கள் சும்மா இருந்ததில்லை. 1905-இல் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி நேரம் முன்னால் என்று வைத்தார்கள், 1933-இல் 20 நிமிடம் கூட்டினார்கள், 1941-இல் இன்னும் 10 நிமிடம். ஜப்பான்காரன் வந்ததும் தோக்கியோ நேரம், அவன் போனதும் பழையபடி ஏழரை. தெலுக் இந்தானின் சாய்ந்த கோபுரத்துக் கடிகாரம் இத்தனை மாற்றத்தையும் பார்த்திருக்கும். 1885-இல் கட்டிய கோபுரம் அது. ஊருக்குத் தண்ணீர்த் தொட்டியாகவும் மணி காட்டவும் ஒன்றாகக் கட்டினார்கள். தண்ணீரின் கனத்திலும் அடி மண்ணின் இளக்கத்திலும் கோபுரம் சாய்ந்ததே தவிர, மணி பார்க்க யாரும் தலையைச் சாய்க்க வேண்டியதில்லை. எனக்குப் பிடித்த அலங்காரக் கடிகாரம் அதுதான்.

கோயில் குருக்களிடம் கேட்டபோது, உதயத்திலிருந்துதான் எண்ண வேண்டும் என்றார். அப்படிப் பார்த்தால், சூரியன் 7.15-க்கு உதிக்கிற நாளில் திங்கட்கிழமை ராகு காலம் 8.45-க்குத் தொடங்கி 10.15-க்கு முடியும். நாள்காட்டியை நம்பி 9 மணிக்குப் புறப்படுகிறவர் நடு ராகு காலத்தில் புறப்படுகிறார். மாமா இதைக் கேட்டதும் கைதட்டினார். இத்தனை வருடமாகத் தன்னை வாசலில் நிறுத்திவைத்தது வீண் என்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டதே.

வேறு நாட்டில் இருந்தால் எனக்கு இந்த இடத்தில் வேலை கூடியிருக்கும். கோடையில் பகல் நீண்டு, குளிர்காலத்தில் சுருங்கினால் எட்டில் ஒரு பங்கும் நீண்டு சுருங்கும், 45 டிகிரி நிற்காது. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் பகல் எப்போதும் ஏறத்தாழ 12 மணி நேரம். துண்டின் அளவு மாற வேண்டியதில்லை, வட்டத்தைக் கொஞ்சம் திருப்பினால் போதும். காலித் துண்டின் தொடக்கத்தை ஆறில் வைத்தால் நாள்காட்டிக் கணக்கு, ஏழேகாலில் வைத்தால் குருக்கள் கணக்கு.

முதலில் ஏழேகாலில் வைத்து மாட்டினேன். ஊருக்கு மறுபடி போனபோது வட்டம் ஆறுக்குத் திரும்பியிருந்தது. திருகாணியை மாமாவே கழற்றிக் கொடுத்தாராம். "நம்ம சொந்தக்காரங்க எல்லாம் நாள்காட்டியத்தான் பாக்குறாங்க. நான் மட்டும் தனிக் கணக்கு வச்சா கல்யாணத்துக்கு எப்படிப் போறது?" என்பது அத்தையின் வாதம். அதுவும் நியாயம்தான். நான் எதுவும் சொல்லவில்லை. மாமா மட்டும், கடைக்குப் போகிற தன் காரியங்களுக்கு மனசுக்குள் ஏழேகால் கணக்கு வைத்துக்கொள்கிறார். இரண்டு கணக்கிலும் தப்பான நேரம் வந்தால் பேசாமல் உட்கார்ந்து தேத்தண்ணி கேட்கிறார்.

அடுத்த வீட்டு அக்கா வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கிறார். அவருக்குக் குளிகை வேண்டுமாம். குளிகையில் தொடங்கிய காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பதால் வியாபாரத்துக்கு நல்லது என்கிறார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதுவும் எட்டில் ஏழு பங்குதான். சனி காலை 6 மணிக்குத் தொடங்கி, வெள்ளி, வியாழன், புதன் என்று கிழமைகள் அப்படியே பின்னோக்கி வருகின்றன, ஞாயிறு 4.30-க்கு முடிகிறது. காலித் துண்டு சாயங்காலம் 4.30 முதல் 6 வரை. ஏழு எழுத்தும் ஏற்கெனவே செதுக்கி வைத்ததுதான். இலையை எடுத்துவிட்டு முறுக்கு ஒன்று செதுக்கிப் போடச் சொல்கிறார். அதற்கு மட்டும் ஒரு புது அழிரப்பர் வாங்க வேண்டும்.